மஞ்சள் விளக்கும் நாற்பத்தாறு கிலோமீட்டரும்

மீட்டர் போர்டில் கை வைக்கக் கிளம்பியிருக்கும் தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும்,

கோயம்புத்தூரிலும் கொச்சியிலுமாக லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு கார் கோடிங் செய்யும் நீங்கள், உங்கள் வாட்ஸ்அப் குழுவில் இந்தக் கிழவனையும் சேர்த்துக்கொண்டீர்கள். "இக்கா, உங்க அனுபவத்த எழுதுங்க" என்று, எங்கள் ஊர் வழக்கில் அண்ணா என்று கூப்பிட்டு, நீங்கள் கேட்டு ஆறு மாதம் ஆகிறது. கண்ணில் புரை என்றேன், முழங்கால் வலி என்றேன், தமிழ் பேசத்தான் வரும், எழுத வராது என்றேன். மூன்றும் உண்மைதான். நான்காவதாக ஒரு காரணம் இருந்தது, அதை யாரிடமும் சொல்லவில்லை. இன்றைக்கு அதைத்தான் எழுதுகிறேன்.

முதலில் என் பெருமைகளைச் சொல்லிவிடலாம், சீக்கிரம் முடிந்துவிடும். மட்டாஞ்சேரியில் இரண்டு மிளகுக் கிடங்குகளுக்கு நடுவே எட்டுக்குப் பத்தில் ஒரு கடை. நாள் முழுக்கத் தும்மிக்கொண்டே ஸ்பீடோமீட்டர் பார்ப்பேன். முள் வைத்த மீட்டரில் ஆரம்பித்து, முள்ளே இல்லாத மீட்டர் வரை பார்த்துவிட்டேன். லேப்டாப் வாங்கிய புதிதில் ஒரு வக்கீலின் காரில் எதையோ தட்டப்போய் திரை முழுக்க ஜெர்மன் மொழிக்குப் போய்விட்டது. அவர் இரண்டு மாதம் அப்படியே ஓட்டினார். தினமும் காலையில் வண்டியில் ஏறியதும் அது ஏதோ எழுதுமாம், இவரும் மரியாதையாக "குட் மார்னிங்" சொல்வாராம். சீட் பெல்ட் போடச் சொல்லிக் கெஞ்சிக்கொண்டிருந்தது அது. இந்தக் கதையைக் குறைந்தது இருநூறு பேரிடம் சொல்லிச் சிரிக்க வைத்திருக்கிறேன். அடுத்த கதையை இதுவரை சொன்னதில்லை.

வேலையின் நுணுக்கம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும், அதற்குள் போகவில்லை. ஒன்றை மட்டும் நினைவுபடுத்துகிறேன். கம்பெனி ஒரே மீட்டர் போர்டைப் பத்து மாடலுக்குச் செய்கிறது. சராசரி வேகம், மைலேஜ், இருக்கிற பெட்ரோலில் இன்னும் எத்தனை கிலோமீட்டர் போகலாம் என்பதெல்லாம் உள்ளே எழுதியே இருக்கும். சில மாடலில் திறந்து வைப்பார்கள், சிலதில் மூடி வைப்பார்கள். மூடியதைத் திறந்து கொடுப்பதுதான் நம் பிழைப்பில் ருசியான பகுதி. வண்டிக்காரருக்குத் தன் வீட்டிலேயே புதிதாக ஓர் அறை கிடைத்த சந்தோஷம். நமக்கு மந்திரவாதி என்ற பெயர். அந்த அறையை ஏன் பூட்டினார்கள் என்று அவரும் கேட்பதில்லை, நாமும் கேட்பதில்லை. கஞ்சத்தனம் என்று நாமே முடிவு செய்துவிடுவோம்.

ஜோஜிக்கு அப்படித்தான் திறந்து கொடுத்தேன்.

ஜோஜி இடக்கொச்சிக்காரன். தோப்பும்படி மீன் துறைமுகத்துக்குப் பக்கத்தில் அவனுக்கும் அவன் அண்ணன் வர்கீசுக்கும் ஒரு ஐஸ் பிளான்ட். வளைகுடாவில் இருந்துவிட்டுத் திரும்பியபோது பழைய ஜெர்மன் ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்கி வந்திருந்தான். இரண்டே இருக்கை. தரையோடு தரையாக இருக்கும். உட்கார்ந்தால் அக்கம்பக்கத்து ஸ்கூட்டர்களின் சக்கரம்தான் கண்ணுக்கு நேராகத் தெரியும். அண்ணன் அதில் ஒருநாளும் ஏறியதில்லை. அப்பச்சனுக்கு, அதாவது அவர்கள் அப்பாவுக்கு, அந்த வண்டிமேல் உயிர். "தவளை" என்று பெயர் வைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை தவளையில்தான் சர்ச் பூசைக்குப் போவார்.

அப்பச்சன் நாற்பது வருடம் மீன்பிடிப் படகு ஓட்டியவர். இந்தத் தூரக் கணக்கெல்லாம் காட்டும் டிரிப் கம்ப்யூட்டரைத் திறக்கச் சொன்னதும் ஒரு வகையில் அவருக்காகத்தான். எவ்வளவு எண்ணெய் மிச்சம், எவ்வளவு தூரம் போகலாம் என்பது தெரியாமல் அவருக்கு எதிலும் உட்கார முடியாது. ஒரு மதியம் ஜோஜி அவரையும் கூட்டிக்கொண்டு கடைக்கு வந்தான். முக்கால் மணி நேரத்தில் திறந்துவிட்டேன். ஸ்டீயரிங்குக்குப் பக்கத்தில் இருக்கும் குச்சியின் நுனியை அழுத்தினால் திரையில் எண் வந்தது. பெரியவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர்கள் பேசியது மலையாளம். நம் தமிழில் எழுதுகிறேன், ஓரிரு சொல் ஒட்டிக்கொண்டு வந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

"இக்கா, குச்சி விட்டுப் பாத்தியா?" என்று கேட்டார்.

படகில் அதுதான் வழக்கம். மீட்டர் என்ன சொன்னாலும், கடலுக்குக் கிளம்பும் முன் டீசல் தொட்டிக்குள் ஒரு நீளக் குச்சியை விட்டு, ஈரம் எதுவரை என்று கண்ணால் பார்த்துவிட்டுத்தான் கயிற்றை அவிழ்ப்பார்கள்.

"அப்பச்சா, இது போட் இல்ல, கம்ப்யூட்டர். குச்சிய விட்டா கூச்சப்படும்" என்றேன்.

கடை முன்னால் நின்றிருந்த சுமைக்காரர்கள் இரண்டு பேர் சிரித்தார்கள். ஜோஜி சிரித்தான். பெரியவரும் சிரித்தார். சிரித்து முடித்துவிட்டு மறுபடியும் கேட்டார்: "அல்ல, அடியில எவ்வளவு கிடக்குன்னு அதுக்கு எப்படித் தெரியும்?"

இத்தனை வருடத் தொழிலில் ஒரு வாடிக்கையாளர் என்னிடம் கேட்ட ஆகச் சிறந்த கேள்வி அது. நான் அதற்கும் ஒரு தமாஷ் சொன்னேன். என்ன சொன்னேன் என்பதுகூட இப்போது நினைவில் இல்லை.

சோதித்துப் பார்க்காமல் நான் வண்டியைக் கொடுக்கவில்லை. கொடுத்திருந்தால் சோம்பேறி என்று என்னைத் திட்டிவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன். தொட்டியை நிரப்பச் சொல்லி, ஆலுவா வரை போய்த் திரும்பினோம். வண்டி ஓட ஓட எண் ஒழுங்காக இறங்கியது. நான் காகிதத்தில் போட்ட கணக்கும் அதுவும் ஒட்டிப் பிறந்ததுபோல் இருந்தன. நிறைந்த தொட்டியில் எல்லா மீட்டரும் யோக்கியன் என்பது எனக்குத் தெரியாத விஷயமில்லை. அடிவரை ஓட்டிப் பார்க்க வேண்டும், டிக்கியில் ஒரு கேன் பெட்ரோலோடு. வண்டி நிற்கும்வரை ஓட்டி, நின்ற இடத்தில் திரை என்ன சொல்கிறது என்று பார்க்க வேண்டும். அதற்கு ஒரு நாள் முழுக்கப் போகும். அன்று மழை வேறு. தவிர, கண்ணெதிரே எண் சரியாக இறங்குகிறது, கைதட்டும் வாங்கியாகிவிட்டது. கைதட்டு வாங்கிய பிறகு எந்த மந்திரவாதி இன்னொரு முறை பெட்டியைத் திறந்து பார்ப்பான்?

மூன்று வாரம் கழித்து ஜோஜி போன் செய்தான். நான் தெருமுனைச் சாயாக்கடையில் நாலு பேரோடு உட்கார்ந்திருந்தேன். போனை ஸ்பீக்கரில் போட்டேன். ஏன் ஸ்பீக்கர் என்று கேட்காதீர்கள், மேடை கிடைத்தால் விடாத ஜென்மம் இது.

"இக்கா, மஞ்ச விளக்கு எரியுது. ஆனா நம்பரு இன்னும் எழுபதுன்னு காட்டுது. எத நம்பறது?"

"மோனே, விளக்கு பயந்தாங்கொள்ளி. கல்யாண வீட்டுல இல பத்தாது பத்தாதுன்னு ஓடிக்கிட்டே இருப்பாரே ஒரு மாமா, அந்த ஜாதி. நம்பர் படிச்ச ஆளு. நீ நம்பர நம்பு."

சாயாக்கடையே சிரித்தது. போனுக்குள் ஜோஜியும் சிரித்தான். அன்றைக்கே அவன் பெட்ரோல் போட்டுக்கொண்டான் என்று பிறகு தெரிந்தது. அதனால் ஒன்றும் ஆகவில்லை. ஒன்றும் ஆகாததால் என் வார்த்தை அவனுக்கு வேதமாகிவிட்டது.

அதற்குப் பிறகு வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை நடந்ததை ஜோஜி சொல்லித்தான் அறிவேன். மதியம் சாப்பிட்டு எழுந்த அப்பச்சன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சுவரோரமாக உட்கார்ந்தார். வீட்டில் வேறு வண்டி இல்லை, அண்ணன் குடும்பத்தோடு மாமனார் வீட்டுக்குப் போயிருந்தான். ஆம்புலன்ஸ் வரக் கால் மணி நேரம் ஆகும் என்றார்கள். எர்ணாகுளத்தில் இருக்கும் இதய ஆஸ்பத்திரிக்கு ஞாயிறு மதியத்தில் இருபது நிமிடத்தில் போய்விடலாம் என்று ஜோஜி கணக்குப் போட்டான். அந்தக் கணக்கில் தப்பே இல்லை, உங்களில் யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பீர்கள். அப்பாவைத் தூக்கித் தவளைக்குள் வைத்தான். மஞ்சள் விளக்கு எரிந்தது. குச்சி நுனியை அழுத்தினான். ஐம்பத்தாறு என்று வந்தது. ஆஸ்பத்திரிக்கு அதில் கால்வாசித் தூரம்கூட இல்லை.

வழியில் இரண்டு பெட்ரோல் பங்க் இருந்தன. இரண்டையும் தாண்டினான்.

இரண்டாவது பங்க்கைத் தாண்டும்போது அப்பச்சன் நெஞ்சில் இருந்த கையை எடுத்து அந்த விளக்கைக் காட்டினாராம். பேச்சு வரவில்லை, விரலால் மட்டும் காட்டினார். ஜோஜி சொல்லியிருக்கிறான்: "அது ஒண்ணுமில்ல அப்பச்சா. அது பயந்தாங்கொள்ளி."

தோப்பும்படிப் பாலத்தின் மேல் வண்டி இருமி நின்றது. பின்னால் வந்த வண்டிகள் இடைவெளியே விடாமல் அடைத்துக்கொண்டன. பாலத்தின் மேல் எந்த ஆட்டோவும் பக்கத்தில் வர முடியவில்லை. குழிபோல் தாழ்ந்த இருக்கையில் இருந்து கனத்த உடம்பு ஒன்றை வெளியே எடுக்க நாலு ஆள் வேண்டும், ஆனால் அந்தக் கதவு வழியாக ஓர் ஆள்தான் கையை நுழைக்க முடியும். அரை மணி நேரத்துக்கு மேல் ஆனது. ஆஸ்பத்திரி வாசலில் டாக்டர் பார்த்துவிட்டு, கொஞ்சம் முன்னால் கொண்டுவந்திருக்கலாம் என்றார். டாக்டர்கள் அதை நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார்கள், ஆனாலும் சொல்லாமல் இருக்கலாம்.

திங்கட்கிழமை காலையில் வண்டியை இழுத்துவந்து என் கடை முன்னால் விட்டுப் போனார்கள். ஜோஜியின் நண்பன் போனில் விஷயத்தைச் சொல்லியிருந்தான். லேப்டாப்பைச் சொருகினேன். இரண்டு நிமிடம்தான், விளங்கிவிட்டது.

அந்த வண்டியின் பெட்ரோல் தொட்டி கழுதை முதுகில் போட்ட பொதி மாதிரி. நடுவில் மேடு, இரண்டு பக்கமும் இரண்டு வயிறு. பம்பு இருப்பது வலது வயிற்றில். இடது வயிற்றில் இருப்பதை ஒரு குழாய் உறிஞ்சி வலதுக்குக் கொண்டுவர வேண்டும், வண்டி பழசானதால் அந்தக் குழாய் சோம்பேறியாகியிருந்தது. மஞ்சள் விளக்கு இரண்டு வயிற்றையும் பார்த்து எரிகிறது. நான் திறந்துவிட்ட கணக்கு ஒற்றை வயிறு தொட்டி வைத்த வேறொரு மாடலுக்கு எழுதியது. அது இடது வயிற்றின் மட்டத்தை மட்டும் பார்த்து, தொட்டி முழுக்க அதே மட்டம் என்று எண்ணிக்கொண்டது. தொட்டி நிறைந்திருக்கும்வரை அது உண்மை. அடிக்கு வந்ததும் பொய்: இடதில் பெட்ரோல் தேங்கி நிற்கும், பம்பு இருக்கும் வலது காய்ந்துபோகும். கம்பெனிக்காரன் கஞ்சத்தனத்தால் பூட்டவில்லை, தெரிந்துதான் பூட்டியிருக்கிறான்.

அடியில் எவ்வளவு கிடக்கிறது என்று அதற்குத் தெரியாது. பெரியவர் கேட்டது சரி.

இனி வருவதுதான் நான் ஆறு மாதம் எழுதாமல் தள்ளிப்போட்ட பகுதி. விஷயம் விளங்கிய அடுத்த நிமிடமே என் கை அந்த வசதியை அணைத்துவிட்டது. யோசித்துச் செய்தேன் என்று சொல்ல மாட்டேன், யோசிக்காமல் செய்தேன் என்றும் சொல்ல மாட்டேன். சூடான பாத்திரத்தில் இருந்து கை தானாக விலகுமே, அப்படி. குச்சி நுனியை அழுத்திப் பார்த்தேன். எண் இல்லை. கம்பெனியில் இருந்து வந்த நாளில் இருந்ததுபோல் திரை சுத்தமாக இருந்தது. அன்று பிற்பகல் அடக்கத்துக்கு நான் போகவில்லை. முழங்கால் வலி என்று சொல்லி அனுப்பினேன்.

வியாழக்கிழமை அண்ணனும் தம்பியும் கடைக்கு வந்தார்கள். சேர்ந்து வந்தார்கள் என்று சொல்ல முடியாது, ஒரே நேரத்தில் வந்தார்கள். வர்கீஸ் ஐஸ் கட்டி தூக்கியே அகலமான ஆள். அதிகம் பேச மாட்டான். ஜோஜி நாலு நாள் தாடியோடு வண்டியைத் தொடாமல் தள்ளி நின்றான்.

"இக்கா, எனக்கு ஒண்ணுதான் தெரியணும்" என்றான் வர்கீஸ். "விளக்கு எரிஞ்சத இவன் பாத்திருக்கான். அப்பச்சன் கையால காட்டியும் இருக்காரு. ரெண்டு பங்க்கத் தாண்டிப் போயிருக்கான். கேட்டா, நம்பரு இருந்துச்சுங்கறான். வண்டில கோளாறுன்னு நீங்க ஒரு வார்த்த சொன்னாப் போதும், நான் இவன ஒண்ணும் கேக்க மாட்டேன். இவன் என் அனியன், கூடப் பொறந்த தம்பி. எனக்கு மட்டும் இவனக் குத்தம் சொல்லணும்னு ஆசையா?"

ஜோஜி முன்னால் வந்து சாவியைத் திருப்பினான். "இதோ பாரு சேட்டா, இங்கதான்" என்று குச்சி நுனியை அழுத்தினான். ஒன்றும் வரவில்லை. மறுபடி அழுத்தினான். மூன்றாவது முறை அழுத்திய விரலை எடுக்காமலே என்னைப் பார்த்தான்.

"இக்கா, இங்க நம்பர் இருந்துச்சுல்ல?"

தம்பிகளே, அந்த நேரத்தில் எனக்கு வாய் அடைத்துப்போனது என்று எழுத ஆசையாக இருக்கிறது. அடைக்கவில்லை. என் வாய் அடைத்ததே இல்லை.

"பேட்டரி ஒயரக் கழட்டினேன் மோனே. கழட்டினா சிலது அழிஞ்சு போகும்" என்றேன். "அது சில சமயம் காட்டும், சில சமயம் காட்டாது."

"காட்டுச்சா இல்லையா?" என்றான் வர்கீஸ்.

"அன்னிக்கு என்ன காட்டுச்சுன்னு நான் எப்படிச் சொல்ல முடியும்?"

ஒவ்வொரு வாக்கியத்தையும் எடுத்து நிறுத்துப் பாருங்கள், பொய் என்று பிடிக்க முடியாது. அத்தனை பழக்கம் எனக்கு. வர்கீஸ் தம்பியை ஒரு தரம் பார்த்தான். கோபம் இருந்திருந்தால் நான் தாங்கியிருப்பேன், அந்த முகத்தில் ஒன்றுமே இல்லை. தெருவில் இறங்கி நடந்து போய்விட்டான். ஜோஜி சாவியை என் மேசைமேல் வைத்தான். "நம்பர் இருந்துச்சு இக்கா" என்றான், தனக்கே சொல்லிக்கொள்வதுபோல். அவனுக்கே சந்தேகம் வந்துவிட்டது என்பது அந்தக் குரலில் தெரிந்தது. ஒருவேளை தான் பார்த்ததே கனவோ என்று.

வண்டி கடை முன்னாலேயே கிடந்தது. யாரும் எடுக்க வரவில்லை. நான் அதன்மேல் தார்ப்பாய் போட்டு மூடினேன்.

வீட்டில் என் மனைவி பாத்திமா ஒருநாள் சோறு போடும்போது நிறுத்திவிட்டுக் கேட்டாள்: "என்னங்க, பதினஞ்சு நாளா நீங்க யாரையும் கிண்டல் பண்ணல. ஷுகர் ஏறிடுச்சா? டெஸ்ட் பண்ணலாமா?"

அவளிடமும் சொல்லவில்லை. டெஸ்ட் செய்தோம். ஷுகரும் கொஞ்சம் ஏறித்தான் இருந்தது.

துறைமுகத்தில் மீன் ஏலம் விடும் ஒருவர் பழைய வாடிக்கையாளர். தன் ஜீப் மீட்டருக்காக வந்தவர் பேச்சுவாக்கில் சொன்னார்: "அந்த ஐஸ் பிளான்ட் ஜோஜி இல்ல, அவன் இப்ப வீட்டுல இல்ல. சிநேகிதன் ரூம்ல கெடக்கான். நாப்பத்தொண்ணாம் நாள் பிரார்த்தனைக்குக் கல்லறைக்கு வரவேண்டாம்னு அண்ணன் சொல்லிட்டானாம். பெட்ரோல் ஊத்த சோம்பல்பட்டு அப்பனக் கொன்னவன்னு துறைமுகம் முழுக்கப் பேச்சு."

நாற்பத்தொன்றுக்கு இன்னும் மூன்று நாள் இருந்தது.

மறுநாள் காலை தார்ப்பாயை எடுத்தேன். லேப்டாப்பைச் சொருகி, அணைத்ததைத் திறந்தேன். பாலத்தில் காய்ந்துபோன தொட்டியில், விளக்கு அணையாத அளவுக்கு மட்டும் பெட்ரோல் ஊற்றினேன். ஐந்து லிட்டர் கேன் ஒன்றை டிக்கியில் வைத்தேன். எப்போதோ செய்திருக்க வேண்டிய வேலையை எல்லாம் வரிசையாகச் செய்தேன். அவர்களுடைய ஐஸ் பிளான்ட்டுக்குப் போய் வர்கீஸ் முன்னால் நின்றேன்.

"ஒரு மணி நேரம் என்கூட வண்டில வரணும்."

"எதுக்கு?"

"வந்தாத்தான் சொல்ல முடியும். வாயால சொன்னா நான் மறுபடியும் சாமர்த்தியமாச் சொல்லிடுவேன்."

என்னை உற்றுப் பார்த்தான். கையைத் துடைத்துக்கொண்டு வந்தான். வண்டியின் இடது கதவைத் திறந்துவிட்டு நின்றுகொண்டே இருந்தான். அப்பச்சன் கடைசியாக உட்கார்ந்த இருக்கை அது. பிறகு தலையைக் குனிந்து, உடம்பை மடக்கி, உள்ளே இறங்கினான்.

வல்லார்பாடம் கன்டெய்னர் சாலைக்கு ஓட்டினேன். அங்கே ஓரம் அகலம், வண்டி நின்றால் யாருக்கும் இடைஞ்சல் இல்லை. போகும்போதே குச்சி நுனியை அழுத்தினேன். எழுபத்திரண்டு என்று வந்தது.

வர்கீஸ் திரையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.

மஞ்சள் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. சாலையில் போய், திரும்பி, மறுபடி போனோம். பெரிய பெரிய கன்டெய்னர் லாரிகள் எங்கள் தலைக்கு மேலே போய்க்கொண்டிருந்தன. அறுபது. ஐம்பத்து மூன்று. வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு வண்டி நிற்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டே ஓட்டினேன். நிற்காமல் போய்விடுமோ என்று ஒரு பயம். நிற்காமல் போனால் நான் குற்றவாளி இல்லையே என்று ஓர் ஆசை. இரண்டும் ஒரே நேரத்தில் இருந்தன. மறைக்காமல் எழுதுகிறேன்.

நாற்பத்தாறில் எஞ்சின் இருமியது. இன்னொரு முறை இருமியது. ஓரமாக ஒதுக்கினேன். நின்றுவிட்டது.

சாவியைத் திருப்பினேன். ஸ்டார்ட்டர் சுற்றியது, எஞ்சின் பிடிக்கவில்லை. திரை மட்டும் எரிந்துகொண்டிருந்தது. நாற்பத்தாறு கிலோமீட்டர்.

"இதான் வர்கீசு" என்றேன். "நான்தான் இதத் தொறந்தேன். அடிவரைக்கும் ஓட்டிப் பாக்கல. விளக்கு பயந்தாங்கொள்ளின்னு சொன்னதும் நான்தான், அவன் சொந்தமாச் சொன்னதில்ல. நீங்க கடைக்கு வர்றதுக்கு முன்னாலயே அணைச்சு வச்சதும் நான்தான். பேட்டரி ஒயர நான் தொடவே இல்ல."

அவன் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"இங்கேருந்து ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம்?" என்று கேட்டான்.

"எட்டு, ஒம்பது இருக்கும்."

"நாப்பத்தாறுன்னு காட்டினா நானும்தான் பங்க்கத் தாண்டியிருப்பேன்" என்றான். என்னிடம் சொல்லவில்லை, திரையிடம் சொன்னான்.

போனை எடுத்தான். அந்தப் பக்கம் எடுக்கவில்லை. மறுபடி அழைத்தான், மறுபடியும் எடுக்கவில்லை. மூன்றாவது முறை எடுத்தார்கள். ஒரு மாதத்துக்கு மேல் பேசாத தம்பியிடம் அவன் பேசியது இவ்வளவுதான்:

"எடா, நம்பர் இருக்குடா."

திரையை விரலால் தொட்டுக்கொண்டே மறுபடி சொன்னான்:

"இருக்குடா. நான் பாத்துக்கிட்டிருக்கேன். நீ இங்க வா."

ஜோஜி ஸ்கூட்டரில் வந்து சேர அரை மணி நேரத்துக்கு மேல் ஆனது. பாலத்தில் ஆன நேரம். அதுவரை நாங்கள் இருவரும் வண்டிக்குள்ளேயே உட்கார்ந்திருந்தோம். நான் ஒன்றும் பேசவில்லை. என்னை அறிந்தவர்கள் நம்ப மாட்டார்கள். ஒரே ஒரு தடவை அவன்தான் பேசினான்.

"வண்டிய எடுக்க வந்தன்னிக்கு அப்பச்சன் உங்ககிட்ட ஏதாவது கேட்டாரா?"

"குச்சி விட்டுப் பாத்தியான்னு கேட்டாரு."

"கேட்டிருப்பாரு" என்றான். தலையைத் திருப்பிக்கொண்டான்.

ஜோஜி வந்ததும் நான் கதவைத் திறந்துவிட்டு இறங்கித் தள்ளி நின்றேன். அவன் குனிந்து திரையைப் பார்த்தான். கையை நீட்டிக் குச்சி நுனியை ஒருமுறை அழுத்தினான். எண் போய்த் திரும்பி வந்தது. எழுந்து என் பக்கம் வந்தான். அடிப்பான் என்று நினைத்தேன், அடித்திருந்தால் எனக்கு உதவியாக இருந்திருக்கும். "பைத்தியம் புடிச்சிடுச்சுன்னு நெனச்சேன் இக்கா" என்றான். அவ்வளவுதான். அண்ணன் ஸ்கூட்டரில் பின்னால் ஏறிக்கொண்டான். அந்த அகலத்துக்கு ஸ்கூட்டர் அமுங்கியது. இருவரும் போனார்கள். திரும்பிப் பார்க்கவில்லை. நாற்பத்தொன்றாம் நாள் கல்லறையில் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் நின்றார்கள் என்று மீன் ஏலக்காரர் சொன்னார். என்னைக் கூப்பிடவில்லை. கூப்பிட்டிருந்தாலும் எந்த முகத்தோடு போவேன்.

மன்னித்தார்களா என்று கேட்பீர்கள். தெரியாது. அது நான் கேட்டுவாங்கும் பொருள் இல்லை. அந்த ஆண்டின் கடைசியில் கடையை மூடினேன். கண் புரை என்று எல்லாரிடமும் சொன்னேன், புரையும் இருந்தது.

உங்களிடம் கேட்பது கொஞ்சம்தான். பூட்டியதைத் திறக்கும் முன் யார், எதற்காகப் பூட்டினார்கள் என்று ஒரு நாள் செலவழித்துத் தேடுங்கள். திறந்த எண்ணை அடிவரை ஓட்டிப் பாருங்கள். ஒருவர் பயந்து ஒரு கேள்வி கேட்கும்போது சிரிக்க வைக்காதீர்கள், எவ்வளவு நல்ல தமாஷாக இருந்தாலும் சரி. சிரித்துவிட்டால் அவர்கள் இரண்டாம் தரம் கேட்க மாட்டார்கள். அப்பச்சன் கேட்டார். அப்படிப்பட்ட ஆள் உங்களுக்கு அமைய மாட்டார். அசம்பாவிதம் ஆகித் திரும்பி வந்த வண்டியில், கேட்க வருகிறவர்கள் வந்து நிற்கும்வரை எதையும் தொடாதீர்கள். கையைப் பின்னால் கட்டிக்கொள்ளுங்கள். தேவைப்பட்டால் யாரையாவது பிடித்துக் கட்டச் சொல்லுங்கள்.

அன்று கன்டெய்னர் சாலையில் அவர்கள் போன பிறகு டிக்கியைத் திறந்து கேனை எடுத்தேன். ஐந்து லிட்டரையும் ஊற்றினேன். சாவியைத் திருப்பியதும் எஞ்சின் பிடித்துக்கொண்டது. மஞ்சள் விளக்கு அப்படியே எரிந்தது. திரை நூற்றுப் பத்து கிலோமீட்டர் என்றது. வீட்டுக்குப் பதினைந்துகூட இல்லை. முதலில் கண்ணில் பட்ட பங்க்கிலேயே நிறுத்தினேன்.